நிலவறையின் நடுக்குரல்

எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்த புதிதில், ஒரு பனிக்கால மத்தியானம், லிங்கன் பக்கத்துச் சதுப்பு நாட்டு மடம் ஒன்றில் பாடகனாகச் சேர்ந்தேன். ஈரக்கல்லும் மெழுகும் மணக்கும் கோவில். மாதா திருநாளுக்கு ஆயர் வருகிறார் என்று, குழுத்தலைவர் தாக்வெல் ஐந்து குரலுக்கு ஒரு லத்தீன் பாடல் எழுதியிருந்தார். பாட நாங்கள் ஐந்து பேர். உச்சக் குரலுக்கும் அடிக்குரலுக்கும் இடைப்பட்ட நடுக்குரல் ராஃப் பென்கெத். அவனுக்கு ஓயாத இருமல்.

“ஆட்டைக் கழுத்தறுக்குற மாதிரி இருக்குடா,” என்றார் தாக்வெல். “கீழ கல்லறைங்க இருக்கிற நிலவறையில நின்னு பாடு. இருமினா பொணங்களுக்குத் தொந்தரவு, எங்களுக்கில்ல.”

நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

“அங்க குளிர் தாங்காதுய்யா,” என்றான் ராஃப்.

“பாட்டு படியுற வரைக்கும் கதவு திறக்காது.”

இரண்டு நாள், தரையிலிருந்த கம்பித் துவாரம் வழியாக இருமல் கேட்டது. திருநாள் காலையில் நின்றுவிட்டது. பூசைக்கு முன் நானும் தாக்வெலும் போய்த் திறந்தோம். ராஃப் சுவரில் சாய்ந்து விறைத்திருந்தான். இமையில் உறைபனி.

தாக்வெல் காலால் தட்டிப் பார்த்தார். “ஆயர் போகட்டும். அப்புறம் புதைக்கலாம்.”

பூட்டினார்.

நால்வராகப் பாடத் தொடங்கினோம்.

நடுக்குரல் வந்தது.

தரைக்கடியிலிருந்து. இருமலில்லாமல். இடையில் மூச்சே எடுக்காமல்.

ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கீழ ஆள் நிறுத்துனது யார் யோசனை? அருமை! ஈஸ்டருக்கும் இப்படியே வேணும்.”

தாக்வெலின் உதடு வெளுத்திருந்தது. “உத்தரவு, ஆண்டவரே.”

ராஃபைப் புதைத்தோம். ஈஸ்டரன்று தாக்வெல் என்னைக் கைகாட்டினார்.

“வேணாம்யா. அன்னிக்குப் பாடினது யாருன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். அதனாலதான் நான் போகல.”

தாழ்ப்பாள் விழுந்தது.

கும்மிருட்டு. புதுமண் வாசனை. மேலே பாட்டு தொடங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்கள்.

விலக்கிய விரல்கள் ஜில்லென்று இருந்தன. அவசரமே இல்லை.

கதவு திறந்தபோது ஆயர் குனிந்து சிரித்தார். “இன்னைக்கு ரெண்டு குரல் கேட்டுச்சே! கூட யாரு?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பதினோரு வருடம் ஆகிறது. சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நிலவறைக்குள் இப்போது யாரையும் அனுப்புவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு திருநாளும் கீழிருந்து இரண்டு பேர் பாடுகிறார்கள். தாக்வெல் முகம் மலரக் கையசைத்து நடத்துகிறார். நான் கடைசி வரிசையில், வாய் மூடி நின்று கேட்கிறேன்.

அதில் ஒன்று என் குரல்.