இருபதுக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு

மௌனத்தின் விலை பதினாறு லட்சத்து எண்பதாயிரம். பதிவும் காப்பீடும் தனி. கால்மிதி விரிப்புகளும் ஒரு குடையும் இலவசம்... அதுவும் சும்மா வரவில்லை. அவள் நாற்காலியை விட்டு எழாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கறந்தது.

அவள் கண்ணாடிக்காரி. கடைத்தெருவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரி என்றால் கையோடு அழைத்துப் போய்க் கடைவாசலில் விடுவார்கள். நாளைக்கு நாற்பது கண்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பவள். விலை சொல்கிறவனின் கண்மணி விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்த்தே பாதிப் பேரத்தை முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஏழு வருடச் சேமிப்பைக் கொட்டி, மீதிக்குக் கடனும் போட்டு, மின்சாரக் கார் வாங்கியது ஊருக்குக் காட்டிக்கொள்ள அல்ல. அம்மாவுக்காக.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அப்பா காரைக் கிளப்பிக்கொண்டு போனார். எஞ்சின் உறுமல் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் விபத்து என்று ஒரு தொலைபேசி வந்தது. அன்றிலிருந்து எங்கே எஞ்சின் உறுமினாலும் அம்மாவின் கை சில்லிட்டுப்போகும், மூச்சு வாங்கும். காரில் ஏறுவதில்லை. பஸ்ஸில் ஏறுவதில்லை. கால் போகிற தூரம்தான் அம்மாவின் உலகம் என்றாகிவிட்டது.

இப்போது அந்த அம்மாவின் கண்களில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி. "நடக்கிற தூரத்துல ஆஸ்பத்திரி கட்டினா பண்ணிக்கிறேன், கண்ணு" என்று சிரித்து மழுப்புவாள் அம்மா. ஊரார் கண்ணையெல்லாம் சரிபார்க்கிறவளின் வீட்டில் அம்மா டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி, டாக்டர் பதினெட்டாம் தேதியைக் குறித்துக் கொடுத்திருந்தார்.

அதனால்தான் சத்தமில்லாத கார்.

ஷோரூமில் வண்டியை எடுக்கப் போன அன்று காலையிலிருந்தே மழை... கண்ணாடிச் சுவர்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கார் விற்கிற இடத்தில் விற்கிறவன் வேறு, ஒப்படைக்கிறவன் வேறு. விற்கிறவன் ஆசையைக் காட்டுவான். ஒப்படைக்கிறவன் உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவான். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் எந்த வியாபாரமும் உருப்படாது.

ஒப்படைக்கிறவன் முப்பத்திரண்டு வரிகள் உள்ள படிவத்தோடு வந்தான். ஒவ்வொரு வரியாக நிதானமாக விளக்கினான். அவள் படிவத்தைப் பார்க்கவில்லை... அவன் கண்ணைப் பார்த்தாள். தொழில் புத்தி. கண்மணிகளுக்கு நடுவே அறுபத்து நான்கு மில்லிமீட்டர் இருக்கும். தூக்கம் போதாத கண். மழைக்கால வெளிச்சம் அதில் விழுந்து, விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது போலிருந்தது. எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத கண்... பாவம், வியாபாரத்துக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். ஏன் இவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றும் நினைத்து, அவசரமாகப் பேனாவை வாங்கினாள்.

கடைக்கு வருகிறவர்களையெல்லாம் எழுத்தட்டையின் கடைசி வரிவரை படிக்கவைப்பவள், கடைசி வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

சிவப்புத் துணியை உருவினார்கள். நான்கு பேர் கைதட்டினார்கள். அவன் வண்டியை முற்றத்துக்கு மெதுவாக ஓட்டிவந்தான்... அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். மெல்லிய, ஒரே சீரான ஒரு ரீங்காரம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. இது என்ன சத்தம் என்று கேட்டாள். நடந்து போகிறவர்களுக்காக, மெதுவாகப் போகும்போது மட்டும் ஒலிக்கும், இருபதைத் தாண்டினால் நின்றுவிடும், சட்டப்படி இருந்தாக வேண்டும், படிவத்தின் கடைசி வரியில் இருக்கிறது என்றான். சத்தமே வராது என்றுதானே விற்றீர்கள் என்றாள். விற்றவர் வெளிவட்டச் சாலையில் எண்பதில் ஓட்டிக் காட்டியிருப்பார் என்று தலைகுனிந்தபடி சொன்னான்.

"அந்த ஒயரைப் பிடுங்கிடுங்க."

"மாட்டேன் மேடம்."

"முடியாதா... மாட்டீங்களா?"

"முடியும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா மாட்டேன்."

அவள் வாழ்நாளில் இவ்வளவு மொட்டையான பதிலை எந்தப் பேரத்திலும் கேட்டதில்லை. மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் காபி வரவழைத்தார். ஒப்படைக்கிறவனை ஓரமாக அழைத்துப் போய், வாடிக்கையாளர் கேட்டால் சத்தமில்லாமல் செய்து கொடுப்பதுதானே என்று பல்லைக் கடித்தார். அவன் அவரிடமும் அதே ஒற்றைச் சொல்லைச் சொன்னான். மேலாளரின் காது சிவந்தது. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு கடை நடத்தினால் விளங்கிவிடும் என்று அவளும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றிவைத்தாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வர மூன்று வாரம். பதினெட்டாம் தேதிக்கு இருந்தது பத்தே நாள். வேறு வழியில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டாள். மின்சாரக் கார் முதன்முறை வாங்குகிறவர்களோடு ஒப்படைக்கிறவன் வீடுவரை கூடப் போய், சார்ஜ் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது அந்த ஷோரூமின் வழக்கம். ஆக, இரண்டு கோபங்களும் ஒரே காரில் கிளம்பின.

பெரிய சாலைக்கு வந்ததும் ரீங்காரம் நின்றது. மழை மட்டும்... துடைப்பான் மட்டும்... தான் விலை கொடுத்து வாங்கியது இதைத்தானே என்று நினைத்தாள். கேட்காமலேயே அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அந்தக் காலையை, தெருமுனையை, பதினெட்டாம் தேதியை... எல்லாம். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"எங்க அக்காவுக்குப் பார்வை கிடையாது மேடம். பொறந்ததுலேர்ந்தே. மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி மழை. எனக்குக் குடை கொண்டுவந்து ஷோரூம் முற்றத்துல நின்னுருக்கா. அந்த வண்டி பழைய மாடல், சத்தம் கிடையாது. பின்னாடி எடுத்தப்போ இடிச்சுடுச்சு. இடுப்பெலும்பு. இப்பவும் சாய்ஞ்சுதான் நடக்கிறா."

"யாரு ஓட்டினது?"

"நான்தான்."

சிக்னல் பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள். கண்ணே தொழிலாக வைத்திருக்கிறவள், கண் இல்லாதவர்களை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை... அது சுட்டது. ஆனாலும் அம்மா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் யார் விட்டுக்கொடுப்பது? அவள் விட்டுக்கொடுத்துப் பழகியவள் அல்ல.

தெருவுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்தது. ரீங்காரம் மறுபடி தொடங்கியது. சார்ஜ் போடும் பிளக் வீட்டுப் பக்கச்சுவரில் இருந்ததால் பின்னோக்கித்தான் உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கேமராவில் மழைத்துளி படர்ந்து படம் கலங்கியிருந்தது. சுவர் நெருங்குகிறது என்று சென்சார் ஓயாமல் கத்தியது. அது சுவருக்காக மட்டும்தான் கத்துகிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

அம்மா பக்கவாசலைத் திறந்துகொண்டு, கொடியில் மறந்துபோய் விட்டிருந்த துணியை எடுக்க வந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு துண்டு. அவளுக்கு முன்னால் எல்லாமே ஒரே வெண்மூட்டம். நேராகச் சக்கரத்தை நோக்கி நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"யாரு அங்க?"

கண்ணாடிக்காரி பிரேக்கை மிதித்தாள். பக்கக் கண்ணாடியில் அம்மாவின் கால்... ஒரு முழம்கூட இல்லை.

அவன் இறங்கி மழையில் நனைந்தபடி அம்மாவிடம் போய், பக்கத்தில் நிற்பது கார் என்றும், உங்கள் மகள் வந்திருக்கிறாள் என்றும் சொன்னான். அம்மா நம்பவில்லை. கையை நீட்டித் தடவிப் பார்த்தாள்.

"காரா? உறுமவே இல்லையே தம்பி. யாரோ பாட்டு மறந்துபோய் முணுமுணுக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் நின்னேன்."

"மெதுவா வரும்போது மட்டும்தாம்மா இப்படி. வேகமா போனா கேக்காது. வாசலுக்குக் கிட்ட வந்தாத்தான் கேக்கும்."

அம்மா ஈரமான கதவின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். "அவரு போன சத்தம் பதினோரு வருஷமா காதுலேயே இருக்கு. திரும்பி வர்ற சத்தம்னு ஒண்ணு இருக்கும்ல... அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

அன்று, நகராமல் நின்ற காரில் அம்மா பத்து நிமிடம் உட்கார்ந்தாள். வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள். எடுக்கவில்லை. இறங்கும்போது, நாளைக்கும் வர முடியுமா என்று அவனிடம்தான் கேட்டாள். பெற்ற மகளிடம் கேட்கவில்லை.

அவன் தினமும் வேலை முடிந்து வந்தான். முதல் நாள் தெருமுனைவரை. தெருமுனையில் அம்மா கண்ணை இறுக்கி மூடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கடைத்தெருவரை. ஒரு நாள் மூச்சு வாங்கிப் பாதியில் இறங்கி நடந்தே திரும்பினாள். அவனும் கூடவே நடந்தான். கண்ணாடிக்காரி பத்து கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் ஓட்டிக்கொண்டே வந்தாள்... தெரு முழுக்க ரீங்காரம். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல் பேசிச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்து, அம்மாமேல் பொறாமைப்படுகிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சீ என்று அதை அடக்கினாள். அடங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவன் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபோதுதான் அவன் விரல்களைப் பார்த்தாள். நீரில் ஊறிச் சுருங்கி, நகக்கண்ணில் சோப்புத் தூள். விசாரித்தால் மழுப்பினான். விடாமல் கேட்டதில் வந்தது... அவளுடைய புகாருக்குப் பிறகு அவனை ஒப்படைப்பிலிருந்து எடுத்து வண்டி கழுவும் பக்கம் போட்டிருக்கிறார்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. வருத்தத்தோட வண்டி ஓட்டினா அம்மா பயப்படுவாங்க."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஷோரூமுக்குப் போனாள். தப்பு என்னுடையது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அந்த ஒலி இல்லையென்றால் இன்று எனக்கு அம்மா இல்லை என்று மேலாளர் முன்னால் எழுதிக் கொடுத்தாள். எந்தப் பேரத்திலும் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிப் பழக்கமில்லாதவள், தன் புகாரை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். வரும் வழியில் ஏன் அழுகை வருகிறது என்று மட்டும் புரியவில்லை... புரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

பதினெட்டாம் தேதி அம்மா தானாகக் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ஒரே ஒரு முறைதான் நிறுத்தச் சொன்னாள். ஆபரேஷன் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவனும் அவளும் தாழ்வாரத்து பெஞ்சில், நடுவில் அம்மாவின் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாலையில் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு அம்மா பின்னால் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். ஊர் எல்லையில் நெரிசல். வண்டி ஊர்ந்தது.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாளைலேர்ந்து நீங்க வரணும்னு அவசியம் இல்ல."

"ஆமா மேடம்."

"அது எனக்குப் பிடிக்கல."

"எது?"

"அந்த அவசியம் இல்லாதது." உதட்டைக் கடித்தாள். காது மடல் சூடானது. "அவசியம் இல்லாமலும் வாங்க... எனக்காக வாங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை இதுக்கு மேல சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்கள் நிறைந்திருந்தன. தளும்பாமல் நிறைந்திருந்தன.

"நாலு நாளா அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான். "சட்டையில லென்ஸ் துடைக்கிற மருந்து வாசனை வருதாம். யாருடா அந்தப் பொண்ணுன்னு. நான் பதில் சொல்லல. உங்ககிட்ட சொல்லாததை அவகிட்ட முதல்ல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். எனக்கும் பிடிச்சிருக்கு. சாவி குடுத்த அன்னைக்கே... நீங்க கோபமா என்னைப் பார்த்தப்பவே."

பின்சீட்டிலிருந்து தூக்கமே இல்லாத குரல் வந்தது.

"டாக்டர் அடுத்த மாசத்துக்குத் தேதி குடுத்திருக்காரு, கண்ணு. அதுக்கும் தம்பி வருவாரான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ."

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வண்டி நின்றதும் அம்மாவை இருவருமாக இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள்.

அன்றைய கணக்கு: போனது முப்பத்தொரு கிலோமீட்டர், வந்தது முப்பத்தொரு கிலோமீட்டர், வரவும் செலவும் நேர். அவள் சொன்னது ஒன்று, அவன் சொன்னது ஒன்று, அதுவும் நேர். அம்மாவின் கண் ஒன்று முடிந்தது. ஒன்று பாக்கி.