மாதிரியில் சிக்காதது

கணக்கு இடித்தது. மதியம் முழுக்க வீட்டு இணைய இணைப்பில் தகவல் போக்குவரத்து பொங்கி வழிவதாக மொத்த எண்ணிக்கை காட்டியது. ஆனால் அவள் எடுத்த மாதிரிகளில் அதன் தடயமே இல்லை.

நெட்வொர்க்கைக் கண்காணிப்பதுதான் அவள் பிழைப்பு. தகவல் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஓடும். அத்தனையையும் பிரித்துப் பார்க்க எந்த இயந்திரத்துக்கும் மூச்சு போதாது. அதனால் ஆயிரத்துக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கோ பானை கொதிக்கிறது, கரண்டியில் வெறும் தண்ணீர்தான் வருகிறது.

மாதிரியில் மாட்டாமல் நழுவ வேண்டுமென்றால் எத்தனையாவது பொட்டலத்தை எடுக்கிறார்கள் என்று எண்ணும் முறை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் ஒருவன்தான், அதை அமைத்துக் கொடுத்த கணவன். வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து போனில் அவன் பேச்சும் சுருங்கிவிட்டது. வேலியே பயிரை மேய்கிறதா? சூடேறிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏற, மின்விசிறியின் கிறீச்சுக்கு நடுவே, அடுத்த அறையில் மகள் படம் வரைந்தபடி தனக்குத்தானே பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அவன் முதலில் சிரித்தான். எண்களைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது வரிசையா எண்ணாதும்மா. குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கும். எது சிக்கும்னு எனக்கே தெரியாது."

"அப்ப எப்படி ஒண்ணுகூட மாட்டல?"

"நீ எப்ப பாக்குறேன்னு அதுக்குத் தெரியுது போல."

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மாதிரி எடுப்பதை நிறுத்திவிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பிடிக்கும்படி மாற்றினாள்.

போக்குவரத்து பூஜ்யமாயிற்று.

அடுத்த அறையில் பேச்சும் நின்றது.

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. பழையபடி ஆயிரத்துக்கு ஒன்றாக மாற்றினாள். எண்கள் எகிறின. மகள் விட்ட இடத்திலிருந்து, பாதிச் சொல்லிலிருந்து, பேசத் தொடங்கினாள்.

மறுபடி மாற்றினாள். அமைதி. மறுபடி. சிரிப்பு.

"பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்துடு," என்று, மகளின் குரல் நின்று நின்று வருவதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த அவன் கெஞ்சினான். போனை மேசையில் வைத்தாள். பேச்சுச் சத்தத்தை நோக்கி நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

சத்தம் அறுந்தது.

மகள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்பு வண்ணக்குச்சி. வாய் பாதி திறந்தபடி. அசைவில்லை. மூச்சும் இல்லை.

"கண்ணம்மா?"

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் எரிந்தது. நீர் கட்டியது. இமைக்காதே. இமைக்காதே.

இமைத்தாள்.

அந்த இருட்டுக்குள் ஒரு சின்னக் கை அவள் கையைப் பற்றியது.

கண் திறந்தாள். மகள் அங்கேயே, மேசையருகே, வாய் பாதி திறந்தபடி அமர்ந்திருந்தாள்.

பற்றிய கை விடவில்லை.