கீழ்த் தெரு

மழை எட்டிப் பார்த்து மாதக்கணக்காகியும் அந்த ஊரில் எல்லா வாசற்படியும் ஈரமாக இருந்தது. மூன்று பக்கமும் குன்று, நாலாவது பக்கம் ஏரி, வந்துபோக ஒரே ஒரு மண்பாதை. ஜனத்தொகை கணக்கெடுக்கும் வேலை டீச்சர் தலையில் விழுந்திருந்தது. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட கணவன், "சீக்கிரம் வா, இருட்டுறதுக்குள்ள போயிடலாம்" என்று ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

மேல் தெரு முழுக்கக் கதவுக்குக் கதவு சாக்பீஸால் எண் போட்டாயிற்று. "கீழ்த் தெருவுக்கு எப்படிக்கா போறது?" என்று கடைசி வீட்டுக்காரியைக் கேட்டாள்.

"எதுக்கு அலையணும்? அங்க யார் யார் இருக்காங்கன்னு நானே சொல்றேன், எழுதிக்கோ."

நேரில் பார்க்காமல் எழுதவே கூடாதென்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கால் வலி உயிர் போகிறதே, எந்த மகாராஜா வந்து சரிபார்க்கப் போகிறார்! வீட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு குழந்தை அழவில்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. ஒவ்வொரு பெயரை எழுதி முடிக்கும்போதும் எங்கோ தண்ணீர் மெல்லக் கொப்புளிக்கும் சத்தமும், அழுகிய பாசியின் வாடையும், சுவரேறி வரும் குளிர்ச்சியும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தமாதிரி இருந்தது.

"உன் வீட்டுல எத்தனை பேரும்மா?"

"ரெண்டே பேருக்கா. நானும் அவரும்."

"நல்லதாப் போச்சு. கீழ்த் தெருவுல ஒரு வீடு காலியாத்தான் கிடக்கு."

டீச்சர் எழுதுவதை நிறுத்தினாள். "கீழ்த் தெரு எங்கக்கா இருக்கு?"

வீட்டுக்காரி ஏரியைக் காட்டினாள். "ஏரித் தண்ணி ஏறினப்ப தெருவே முங்கிடுச்சு. ஆனா யாரும் ஊரை விட்டுப் போகலை."

டீச்சர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். கரையில் ஸ்கூட்டர் நின்றது. சாவி அதிலேயே. அவனைக் காணோம்.

"என்னங்க! விளையாடாதீங்க, எனக்குப் பயமா இருக்கு!"

காற்று இல்லை. ஏரி அசையவில்லை.

பிறகு, தலைகள். தண்ணீருக்கு மேலே கழுத்துவரை. இரண்டு வரிசை. நடுவில் ஒரு தெருவின் அகலம். இடுப்புப் பிள்ளைகளின் தலைகள் தாய்மார் தோளை ஒட்டி. எல்லாக் கண்ணும் அவள்மேல்.

கோடியில் அவன். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம்.

"நம்ம வீடுதான், வா" என்றான் ஆசையாக.

கதவைத் திறப்பதுபோல் தண்ணீரைக் கையால் விலக்கினான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.