இரண்டாம் வரிசை, சுவரோரக் குடை

சாப்பாட்டு மேசைமேல் இவானா விட்டுப்போன சுற்றுலாப் படப்புத்தகத்தில் சார்தீனியாத் தீவின் கடற்கரைப் பக்கம் மட்டும் நனைந்து உப்பியிருந்தது. மற்றப் பக்கங்கள் காய்ந்த தாளுக்கே உரிய மொடமொடப்போடு கிடந்தன. மேசைமேல் தண்ணீர்க் குவளை கிடையாது, பூச்சாடி கிடையாது. மேலே நிமிர்ந்து பார்த்தால் கூரையும் வெள்ளையாக, ஒரு கறையும் இல்லாமல் இருந்தது. ஒர்னெல்லா அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தாள். உப்பு கரித்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஆகஸ்டிலிருந்து எது வந்தாலும் பஞ்சு சுற்றித்தான் அவளிடம் வந்து சேர்கிறது. புத்தகத்தை எடுத்து வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் விரித்து வைத்தாள். காயட்டும்.

வெளியே நோவாரா நகரம் பனிமூட்டத்துக்குள் காணாமல் போயிருந்தது. பிப்ரவரியில் நெல்வயல்களிலிருந்து எழும் பனி, மாலையானால் நாலாவது மாடிவரை ஏறி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்ளும். தெருவில் போகிற கார்களின் சத்தம் மட்டும் அதற்குள்ளிருந்து வந்து வந்து போனது.

விடுமுறைத் திட்டமெல்லாம் நாத்தனார் இவானாவுடையது. சாவு வீட்டில் அழுது முடித்து, அண்ணனின் சட்டைகளைத் தானே கட்டி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தவள், போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகத்தோடு வந்தாள். கப்பல் எந்தத் துறையிலிருந்து, அறை எந்தப் பக்கம் பார்த்தது என்று அவளே பேசிக்கொண்டு போனாள். ஒர்னெல்லா காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"அந்தக் கடற்கரையில குடை எடுக்கறத இந்த வருஷம் விட்டுடுங்க அண்ணி. பக்கத்துல காலி நாற்காலிய வச்சுக்கிட்டு எத்தன நாள் படுத்துக் கெடப்பீங்க?"

"முப்பது வருஷமா நம்ம எடம் அது."

"நம்ம எடம்னா பட்டாவா வச்சிருக்கீங்க? கடல் வேணாம்னா சொல்லுங்க, மலைக்குப் போலாம். மாடு யாரையும் முழுங்காது." சொல்லிவிட்டு இவானா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சார்தீனியா வேற கடல் அண்ணி," என்றாள்.

"ஒரே தண்ணிதான இவானா."

ஆனாலும் ஒர்னெல்லா அன்றைக்கே லிகூரியாக் கடற்கரைக்குத் தொலைபேசியில் பேசினாள். பஸ்தியான்தான் அந்தக் கரையைக் குத்தகைக்கு எடுத்துக் குடையும் நாற்காலியும் போடுகிறவர். பிப்ரவரி முடிவதற்குள் அவரிடம் வருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும். இரண்டாம் வரிசை, சுவரோரம். அந்த இடத்துக்காக பெர்காமோ ஊர்க் குடும்பம் ஒன்று வருஷக்கணக்காகக் காத்திருந்தது. முன்வரிசையில் யாராவது செத்தால்தான் எல்லோரும் ஒரு வரிசை முன்னேறுவார்கள் என்று அவள் கணவன் தூலியோ கேலி பேசுவான். அவள் விட்டுவிடுகிறேன் என்றதும் பஸ்தியான், நல்லா யோசிச்சுக்கங்க அம்மா என்றார். யோசித்தாயிற்று என்றாள் அவள்.

அவரிடம் அவள் சொல்லாத ஒன்று உண்டு. யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு உடனே தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கினால் உடம்பு இழுத்துக்கொண்டு மூழ்கிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. சாப்பாடு செரிக்க மூன்று மணி நேரம். அந்தக் கரையில் குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோரும் அந்த நேரம் முழுக்கக் குடைக்குக் கீழே கிடப்பார்கள். தூலியோ கடிகாரம் கட்டமாட்டான். பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பி மணி பார்ப்பான். பார்த்துவிட்டு, இன்னும் ஆகவில்லையே என்று ஒரு பெருமூச்சு. கொஞ்சம் கழித்து மறுபடி அதே கை. முப்பது வருஷமும் அப்படித்தான். தண்ணீருக்கு அவளையும் கூப்பிடுவான். நீ போ, நான் பின்னாடியே வரேன் என்பாள். ஒருநாளும் போனதில்லை.

போன ஆகஸ்டில் ஒருநாள் நல்ல வெயில். பன்றி இறைச்சியும் முலாம்பழமும் ரொட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அந்தக் கை வந்துகொண்டே இருந்தது. நேரமாயிடுச்சு, நீ போ, நான் பின்னாடியே வரேன் என்றாள். நேரம் ஆகவில்லை, பாதிகூட ஆகவில்லை. கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் எழுந்து போனான். படகுகள் தேடின. உடல் கிடைக்கவில்லை.

படப்புத்தகத்தைக் காயவைத்த மறுநாளே அதில் நனைந்த இன்னொரு பக்கமும் அகப்பட்டது. அதற்கடுத்த நாள் படுக்கையில் அவன் படுக்கும் பக்கத்து விரிப்பு பிழியலாம்போல் ஈரமாக இருந்தது. விரிப்பை உருவித் துவைத்துப் போட்டாள். நடையின் தரை ஓடுகளில் மணல் நெறுநெறுத்தது. பெருக்கினாள், மறுபடி நெறுநெறுத்தது, மறுபடி பெருக்கினாள். குளியல் தொட்டி விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. அவள் திறந்ததாக நினைவில்லை. கையை விட்டு அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஏறியது. மூச்சு விடுவதுபோல் இறங்கி இறங்கி ஏறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

சனிக்கிழமை மாலை. கப்பலுக்குச் சீட்டு எடுக்க இவானா வருவதாகச் சொல்லியிருந்தாள். தொலைபேசி அடித்தபோது அவள்தான் என்று எடுத்தாள். பஸ்தியான்.

பெர்காமோக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை, வேண்டுமானால் இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றாள். அவர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"சிரிக்காதீங்க அம்மா. செப்டம்பர்ல எல்லா நாற்காலியையும் கொட்டகையில அடுக்கிப் பூட்டுவோம்ல? ஒங்க வீட்டுக்காரரோடத மட்டும் பூட்ட முடியல. உள்ள வச்சா காலையில அதே எடத்துல, கடலப் பாத்துக் கெடக்கும். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். தெனம் ஈரமா இருக்கும். மழையே இல்லாத நாள்லயும்."

அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க எடத்த விட்டதுலேர்ந்து காஞ்சு கெடக்கும்மா. சுத்தமாக் காஞ்சு போச்சு. அதான் ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

நன்றி சொல்லி வைத்தாள். தொலைபேசியை வைத்த பிறகும் அலைச் சத்தம் நிற்கவில்லை.

நடையின் கடைசியில், குளியலறைப் பக்கம். நீண்டு வந்து, சறுக்கி, சின்னக் கற்களை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் சத்தம். கூடவே வெயிலில் காய்ந்த பாசியின் நாற்றமும், அதற்கு மேலே தேங்காய் எண்ணெய் கலந்த வெயில்காப்புக் களிம்பின் இனிப்பு வாசனையும். முகப்பறை விளக்கைப் போட்டாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் இரண்டு அங்கே இல்லை. அவை ஜன்னலுக்கு முன்னால் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், வெள்ளைப் பனியைப் பார்த்தபடி. வலப்பக்க நாற்காலி உலர்ந்திருந்தது. இடப்பக்க நாற்காலியிலிருந்து சொட்டு விழுந்தது.

வாசல் கதவுவரை போகலாம். கீழேதான் தெரு, படிக்கட்டில் விளக்கு எரியும், கீழ்வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. கால்கள்தான் வேறு பக்கம் நடந்தன, முப்பது வருஷப் பழக்கம். வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் திரும்பவில்லை.

கீழே அழைப்பு மணி அடித்தது. இவானா. மறுபடி அடித்தது.

இடக்கை நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தது. கடிகாரம் கட்டிய கை. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்க நினைத்தாள். கை அசையவில்லை.

மணிக்கட்டில் விரல்கள் விழுந்தன.

குளிர். ஈரம். ஊறிப்போன, மெத்தென்ற விரல்கள். அழுத்தவில்லை. எப்போதும்போல மெல்லத் திருப்பின. கடிகாரம் அந்தப் பக்கம் போனது.

பெருமூச்சு இல்லை.

"நீ போ," என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "நான் பின்னாடியே..."

விரல்கள் விடவில்லை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்திருக்கிற ஆளின் கனம் அதைவிட்டு நீங்கியதுபோல. அவள் கை மேலே உயர்ந்தது. கையோடு அவளும் எழுந்தாள். கீழே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது மாடியின் நடையில், குளியலறைக் கதவடியிலிருந்து ஓர் அலை வந்தது. தரை ஓடுகள்மேல் நுரைத்து, அவள் கால்விரல்களைத் தொட்டு, மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, அடுத்த அலைக்கு இடம் விட்டது.