கவர்னருக்கு இரண்டு தாள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் விருத்தாசலம். கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, இப்போது திண்டிவனத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். அவருக்கு வலப்பக்கம் முக்காலியில் பக்கத்துச் சைக்கிள் கடை சிக்கந்தர் பாட்சா. எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் சொல்ல முந்துகிறவர். ஜன்னலோர பெஞ்சில் கால்மேல் கால் போட்டபடி சுப்பராயலு. அதே பெஞ்சின் மறுகோடியில் அவருடைய தம்பி மனைவி அம்சா. கதவருகே தரையில், யாரும் உட்காரச் சொல்லாததால் தானாகவே உட்கார்ந்துகொண்ட சின்னபொண்ணு.

அம்சாவின் கணவன் நடராசன் பதினாறு மாதங்களுக்கு முன் கொலையுண்டவன். சின்னபொண்ணுவின் கணவன் பச்சைமுத்து அந்தக் கொலைக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவன். ஹைகோர்ட்டும் தண்டனையை உறுதி செய்துவிட்டது. 1958 வைகாசி மாதம் அது. கவர்னருக்கு அனுப்ப வேண்டிய கருணை மனு அன்று மாலை நாலு மணித் தபாலில் சேராவிட்டால் கெடு தாண்டிவிடும்.

மனு எழுதச் சொல்லி வந்த சின்னபொண்ணுவின் கையில் ஒரு கடிதம் இருந்தது. நான்கு நாட்களுக்கு முன் தபாலில் வந்தது என்றாள். சேதி தெரிந்து சுப்பராயலு அதே பஸ்ஸில் பின்தொடர்ந்து வந்திருந்தார்.

"நீங்க மனு எழுதறவரு, எழுதுங்க. ஆனா தாலியறுத்தவ இவ. இவ மூஞ்சியப் பார்த்துக்கினு எழுதுங்க. அதுக்குத்தான் இட்டாந்தேன்" என்றார் அவர். "அந்த லெட்டர் பொய். எவனோ, எவளோ எழுதினது. அது பொய்னு நீங்களே கவர்னருக்கு எழுதணும்."

"பொய்யாக இருந்தால் நிச்சயம் எழுதுவேன்" என்றார் விருத்தாசலம். "நானும் தூக்குத் தண்டனை வேண்டும் என்கிற கட்சிதான். ஏழு தூக்குத் தீர்ப்புக்கு நகல் எடுத்திருக்கிறேன். எதற்கும் தூக்கம் கெட்டதில்லை. கடிதத்தைக் கொடும்மா."

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். உறையில் விழுப்புரம் முத்திரை. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார்.

'நடராசனைக் கொன்றது நான். மம்மட்டியால் கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரே கோடாகப் பிளந்தேன். பச்சைமுத்து அங்கே இல்லை. பெயர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பாவமும் அறியாதவனைத் தூக்கில் போடாதீர்கள்.'

"தைரியம் இல்லாதவன்தான் மம்மட்டியத் தூக்குனானாக்கும்" என்று சுப்பராயலு துப்புவதுபோல் சொன்னார்.

விருத்தாசலம் அதைக் காதில் வாங்கவில்லை. "சின்னபொண்ணு, நீ கோர்ட்டுக்குப் போனாயா?"

"ஒரு நாளு வுடாம போனேங்க. கடைசி வரிசையில நின்னுகினு கேட்டேன்."

"டாக்டர் என்ன சாட்சி சொன்னார்?"

"பின்மண்டையில ஒரே வெட்டு. அது ஒண்ணுதான், உடம்புல வேற காயமே இல்லன்னாரு."

மனுக் கட்டிலிருந்த தீர்ப்பு நகலைப் புரட்டிப் பார்த்து விருத்தாசலம் தலையசைத்தார். வாய்க்கால் தகராறில், குனிந்து மடை மாற்றிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து வந்து அடித்தான் என்பதுதான் தீர்ப்பு.

சிக்கந்தர் பாட்சா முக்காலியை முன்னுக்கு இழுத்தார். "அப்போ முடிஞ்சுபோச்சுய்யா. லெட்டர் டூப்பு. யாருக்கு லாபமோ அவங்கதான் எழுதிருப்பாங்க. இந்தம்மாதான். ஜல்தியா ஒத்துக்கிச்சுன்னா எல்லாருக்கும் பேஜாரு வுட்டுது."

"எனக்குக் கைநாட்டுதாங்க" என்றாள் சின்னபொண்ணு.

"சொல்லி எழுத வச்சிருப்பே."

"பாய், கொஞ்சம் பொறுங்கள்" என்றார் விருத்தாசலம். "பின்மண்டையில் ஒரே வெட்டு என்று தினமும் கோர்ட்டில் நின்று கேட்டவள், பொய் எழுதினாலும் பின்மண்டை என்றுதானே எழுதுவாள்? நெஞ்சைப் பிளந்தேன் என்று எழுதினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியாதா?"

சிக்கந்தர் பாட்சா முக்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார்.

"சுப்பராயலு, பிரேதம் ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி வந்தது?"

"வண்டியில. வெள்ளத் துணி சுத்தி, பாயி வச்சிக் கட்டிக் குடுத்தாங்க. வாசல்ல எறக்குனோம். கட்டப் பிரிக்க வேணாம், நாத்தம் எடுத்துரும், அப்படியே கொண்டுபோயி எரிச்சிடலாம்னு பேசிக்கினோம். பாடைக்கு மூங்கில் வெட்டிக்கினு வர்ற வரைக்கும் அரைமணி கெடந்துது. இவதான் தலமாட்டுல உக்காந்திருந்தா."

"அம்சா, நீ கோர்ட்டுக்குப் போனாயாம்மா?"

பதிலைச் சுப்பராயலுவே சொன்னார். "தாலியறுத்தவ எப்படிப் போவா? எங்க ஜனத்துல ஒரு வருஷம் வாசப்படி தாண்டக் கூடாது. இந்தத் தையிலதான் வெளியவே வந்தா."

"காயம் எங்கே என்று வீட்டில் யாராவது இவளுக்குச் சொன்னீர்களா?"

"பொம்பளகிட்ட அதெல்லாம் இன்னாத்துக்குப் பேசறது? மம்மட்டியால வெட்டிட்டான்னு தெரியும். அது போதாதா?"

விருத்தாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைத்தார்.

"எழுதியது யார் என்று சொல்லிவிடுகிறேன். கொலை செய்தவன் எழுதியிருந்தால் எங்கே அடித்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கோர்ட்டில் கேட்டவர்கள் எழுதியிருந்தாலும் அப்படியே. ஊரில் வம்பு பேசுகிறவன் எழுதியிருந்தால் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்வான். ஆனால் இந்தக் கடிதத்தில் இருப்பது வாய்க்கு வந்த இடம் இல்லை. கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரே கோடு. அப்படி ஒரு கோடு நடராசன் உடம்பில் நிஜமாகவே இருந்தது."

"இன்னாய்யா சொல்றீங்க?" என்றார் சிக்கந்தர் பாட்சா.

"ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்கு அறுத்துவிட்டு, திரும்பத் தைத்துக் கொடுப்பார்கள். எல்லாப் பிரேதத்துக்கும் அப்படித்தான். அந்தத் தையலைப் பார்த்தவர், அதையே கொலைகாரன் பிளந்த இடம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்க வேண்டுமானால் மூன்று சேர வேண்டும். துணியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். கோர்ட் வாசலை மிதிக்காதவராக இருக்க வேண்டும். எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும். அம்சா, எத்தனாவது வரைக்கும் படித்தாய்?"

"அஞ்சாவது" என்றாள் அம்சா.

சுப்பராயலு எழுந்துவிட்டார். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"நீயா? என் தம்பிய வெட்டுனவனுக்கு நீ லெட்டர் எழுதறியா? அவனுக்கும் உனக்கும் இன்னாடி இருந்துது? அதுக்குத்தான் வெட்டுனானா?"

"உட்காரும்" என்றார் விருத்தாசலம். குரல் ஏறவில்லை. "இன்னொரு தரம் அப்படிப் பேசினால் அதையும் ஒரு தாளில் எழுதி, உம்மிடம் கையெழுத்து வாங்கி கவர்னருக்கு அனுப்புவேன்."

சுப்பராயலு உட்காரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்சா யாரையும் பார்க்காமல் பேசினாள். "மூஞ்சிய ஒருவாட்டி பார்க்கலாம்னு முடிச்ச அவுத்தேன். தலயில கட்டுப் போட்டிருந்துது. துணி சரிஞ்சு நெஞ்சு தெரிஞ்சிது. கோணி தைக்கிற மாதிரி தச்சி வச்சிருந்தாங்க." விருத்தாசலத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அது டாக்டரு அறுத்ததா?"

"ஆமாம்மா."

"ஒண்ணர வருசமா கண்ண மூடுனா அதான் வருது. ஒரு மனுசன் இன்னொரு மனுசன அப்படிக் கிழிப்பானான்னு."

"அவன்தான் கிழிச்சான்னு நெனச்சிக்கினேவா காப்பாத்த எழுதுன?" என்றார் சுப்பராயலு.

"ஆமா மாமா."

பேனாவைத் திறந்து வைத்திருந்த விருத்தாசலம் அதை மூடினார்.

"இந்தப் பொண்ணுக்கு நியாயம் வேணும்னு வக்கீலு கேட்டாருன்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. என்ன ஒருத்தரும் கேக்கல. கையக் கட்டி, நாளு குறிச்சி, எனக்காக ஒருத்தனக் கொல்லப் போறாங்க. எனக்கு வேணாம். நேராச் சொன்னா நீங்க வுட மாட்டீங்க. அதான் பொய் எழுதுனேன்."

"வேணாமா? நல்லாருக்குது. பதினாலு வருசம் ஜெயில்ல தின்னுட்டு வந்து அதே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுவான். எதிர்க்கழனியில உன் புள்ள மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு அவன் மூஞ்சியில முழிக்கணும். நாளைக்கு இன்னொருத்தன் மம்மட்டியத் தூக்குறதுக்கு எதுக்குடி பயப்படுவான்? சொல்லு."

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாது" என்றாள் அம்சா.

கதவருகிலிருந்து சின்னபொண்ணு பேசினாள். "அய்யா, அந்த லெட்டர் வந்தன்னிக்கே பொய்னு தெரியும். அவரு வூட்டுக்கு வந்து மம்மட்டியக் கழுவுனத நான் பார்த்தேன். தெரிஞ்சிதான் எடுத்தாந்தேன். கெடைச்சதப் புடிச்சிக்கினேன்."

"கேட்டுக்கினீங்களா? எழுதுங்க" என்றார் சுப்பராயலு. "லெட்டர் பொய்னு எழுதுங்க."

விருத்தாசலம் எழுதினார். இணைத்துள்ள கடிதம் பொய், அதை எழுதியவர் இறந்தவரின் மனைவி, குற்றவாளி பச்சைமுத்து என்பதில் ஐயமில்லை. பத்தே வரிகள். சுப்பராயலு எட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது விருத்தாசலம் இரண்டாவது தாளை எடுத்து வைத்தார்.

"சொல்லும்மா. உன் பெயரில், உன் வாயால்."

"அது எதுக்கு?" என்றார் சுப்பராயலு.

"பொய் சாட்சியை எடுத்துவிட்டேன். கேட்டதைச் செய்தாகிவிட்டது. இவள் மனு கொடுப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை."

அம்சா சொன்னாள். "என் புருசனக் கொன்னது பச்சைமுத்துதான்னு எழுதுங்க. அத மறைக்க வேணாம். அவரக் காலத்துக்கும் ஜெயில்ல வையுங்க. தூக்கு வேணாம். என் பேரச் சொல்லி அதச் செய்ய வேணாம். அவ்ளோதான்."

வழக்கமாக மனுவில் சேர்க்கும் 'கவர்னர் சமூகத்தின் மேலான கருணை', 'தாழ்மையுடன்' போன்ற எதையும் விருத்தாசலம் சேர்க்கவில்லை. அவள் வாங்கிப் படித்துப் பார்த்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்தக் கையெழுத்துக்கு அப்பால என் வூட்டு வாசப்படிய நீ மிதிக்க முடியாது" என்றார் சுப்பராயலு. "புள்ளய நான் வளர்த்துக்கிறேன்."

"புள்ள என்கூட வருவான்" என்றாள் அம்சா. சுப்பராயலு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கதவருகே இருந்தவளைத் தாண்டும்போது கால் அவள் மேல் பட்டும் நிற்கவில்லை.

சின்னபொண்ணு எழுந்து அம்சாவின் காலில் விழப் போனாள். அம்சா நகர்ந்துகொண்டாள்.

"கிட்ட வராத. உனக்காகச் செய்யல."

சிக்கந்தர் பாட்சா தாழ்ந்த குரலில் கேட்டார். "அய்யா, நீங்க தூக்கு வேணும்கற கட்சியாச்சே?"

"இன்னமும் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது, பாய். ஆனால் அந்த ஏழு தீர்ப்பிலும் ஏழு குடும்பம் இருந்தது. ஒருவரையும் நான் கேட்டதில்லை."

அவர் பொய்க் கடிதத்தோடு இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். கோந்து தடவி ஒட்டி, அரக்கை விளக்கில் காட்டி உருக்கி முத்திரை வைத்தார். மணி மூன்றரை. சிக்கந்தர் பாட்சா உறையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறித் தபாலாபீஸ் பக்கம் மிதித்தார். வாசலில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தூணோரம் நின்று, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்தார்கள்.