நாற்றமில்லாத வார்டு

ஆமையார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரையும் பார்ப்பதில்லை. காவல் துறையில் இருந்த காலத்தில் எதற்கும் அவசரப்படாததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஓய்வு பெற்றுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் விடவில்லை. அவருடைய நிதானத்துக்குப் பொறுமை காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். வெறும் அலுப்புதான் காரணம் என்பது அவருக்கும் அவருடைய மைத்துனருக்கும் மட்டுமே தெரியும்.

"மாமா, கேஸ் வந்திருக்கு!" மைத்துனர் கதவைத் தட்டாமலே நுழைந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள்தான். ஆனால் கேஸ் என்றால் கால் தரையில் நிற்காது. "பூனைக்கு ஈரல் கெட்டுப்போச்சாம்."

"டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"வந்திருக்கிறதே டாக்டர்தான் மாமா!"

ஆமையார் பெருமூச்சு விட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"விலங்கு ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டாக்டர் சார் நான். ஆபரேஷனுக்கு முன்னாடி பூனைங்களுக்கு நரம்புல மருந்து ஏத்துறது என் வேலை. கொஞ்ச நாளா, எலும்பு முறிவு ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல இருக்கிற பூனைங்களுக்கு ஈரல் பழுதாகுது. ஈறு, காதெல்லாம் மஞ்சளாயிடுது. ரெண்டு பூனை வீட்டுக்குப் போனதும் தேறிடுச்சு. ஒண்ணு வார்டுலயே செத்துப்போச்சு. இப்ப ஒரு தையல்காரரோட பூனை படுத்திருக்கு."

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் பார்த்தீங்களா?"

"பார்த்தோம் சார், சரியாத்தான் இருந்துச்சு. ஊசிக்கு அப்புறம்தான் கெட்டுப்போச்சு. அளவு தப்பா ஏத்திட்டேன்னு பெரிய டாக்டர் சொல்றார். இன்னைக்குச் சாயங்காலம் என்னை வேலையை விட்டு அனுப்பப் போறார்."

"உங்க மருந்து ஈரலைத் தொடுமா?"

"தொடும் சார். மருந்தைக் கழிக்கிறதுல பூனையோட ஈரல் கொஞ்சம் மந்தம். ரத்தத்துல ஈரல் பழுதைக் காட்டுற அளவு லேசா ஏறலாம், ரெண்டொரு நாள்ல இறங்கிடும். இது இறங்காம ஏறிக்கிட்டே போகுது." அவள் கைகளைப் பிசைந்துகொண்டாள். "வேலை போனா போகட்டும் சார். அந்தப் பூனையை நான் கொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியல. கண்ணை மூடினா அதுதான் வருது."

ஆமையார் செருப்பைத் தேடினார். ஒவ்வொரு கேஸின் முடிவிலும் யாராவது ஒருவர் அழுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துப்போயிருந்தது. இங்கே முதலிலேயே ஒருத்தி அழாமல் அழுதுகொண்டிருந்தாள். அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வழியெல்லாம் மைத்துனர் சந்தேகங்களை அடுக்கினார். மருந்து காலாவதி ஆகியிருக்கலாம். ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு இவள்மேல் பொறாமை இருக்கலாம். யாரோ விஷம் வைத்திருக்கலாம்.

"தையல்காரர் மேலயும் ஒரு கண் வைங்க மாப்பிள்ளை, பாவம், அவர் ஒருத்தர்தான் பாக்கி" என்றார் ஆமையார்.

பூனை வார்டு வாசலில் மைத்துனர் எதிலோ இடறி விழப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலேயே வளரும் பூனை அது. பெயர் குண்டன். வயிறு தரையைத் தொட, நகர மனமில்லாமல் கிடந்தது.

"பேருக்கேத்த உடம்பு" என்றார் மைத்துனர்.

"பேரே இப்பதான் வந்துச்சு. முன்னாடி ஒல்லியாத்தான் இருந்தான்" என்றாள் டாக்டர்.

உள்ளே தரை பளபளவென்றிருந்தது. ஆமையார் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பூனைகளைக் கவனிக்கும் பெண்மணி, எல்லாருக்கும் 'அக்கா', பெருமையோடு சொன்னாள்: "என் வார்டுல நாத்தமே வராது சார்."

தையல்காரரின் பூனை நல்ல கனமான செம்பழுப்புப் பூனை. சுவரைப் பார்த்தபடி சுருண்டிருந்தது. யார் வந்தாலும் திரும்பவில்லை. அடுத்த கூண்டில் ஒரு தெருப்பூனை, இடுப்பில் கட்டோடு, கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆமையாரின் சட்டையை இழுத்தது.

"இதுக்கும் அதே மருந்தா?"

"அதே மருந்துதான் சார். இடுப்பெலும்பு முறிவுங்கிறதால இதுக்குத்தான் ரொம்ப நேரம் மயக்கம் கொடுத்தேன். இதுக்கு ஒண்ணும் ஆகல."

ஆமையார் அக்காவிடம் திரும்பினார். "தையல்காரர் பூனை சாப்பிடுதாம்மா?"

"தட்டு காலி சார்" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மெல்லக் குனிந்து இரண்டு கூண்டுகளிலும் பூனை ஒதுங்குவதற்காக வைத்திருந்த மணல் டிரேக்களைப் பார்த்தார். தெருப்பூனையின் டிரேயில் அது தன் கடமையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. தையல்காரர் பூனையின் டிரேயில் ஓரத்தில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

"இந்த டிரேயை எப்பம்மா மாத்தினீங்க?"

"அது ரெண்டு மூணு நாளாச்சு சார். அழுக்கானாத்தானே மாத்தணும்?"

ஆமையார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் பெரிய டாக்டர் ரூமுக்கு வாங்க."

பெரிய டாக்டர் கையால் கட்டிய ஆஸ்பத்திரி அது. அவருடைய குரல் எப்போதும் அடுத்த அறைக்கும் சேர்த்தே பேசும். "ஊசிக்கு முன்னாடி ஈரல் நல்லா இருந்துச்சு, அப்புறம் கெட்டுச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையாவும் இருக்கலாம் டாக்டர்" என்றார் ஆமையார். "மருந்துதான் காரணம்னா, அதிக நேரம் மயக்கத்துல இருந்த தெருப்பூனைதானே முதல்ல விழணும்? அது என் சட்டையைக் கிழிக்குது. ரெண்டு பூனை வீட்டுக்குப் போனதும் தேறிடுச்சு. அப்போ வீட்டுல இருக்கிற ஏதோ ஒண்ணு இங்க இல்ல. சரி, ஒண்ணு கேக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தா என்ன செய்வீங்க?"

"ஏன் ஊட்டலைன்னு கேப்பேன். நோயாளி சாப்பிடலைன்னா யார் பொறுப்பு?"

"கேப்பீங்களா, கத்துவீங்களா?"

மயக்க மருந்து டாக்டர் தரையைப் பார்த்தாள்.

"அதனால இங்க தட்டு எப்பவும் காலியாத்தான் வரும்" என்றார் ஆமையார். "தட்டு காலி. மணலும் காலி. உள்ள போனது வெளிய வரணுமே டாக்டர்? பூனை இருக்கிற இடத்துல நாத்தம் இல்லைன்னா அது சுத்தம் இல்ல, பட்டினி. சாப்பாடு எங்க போச்சுன்னு வாசல்ல கிடக்கிற குண்டனைத்தான் கேக்கணும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுப் பூனைங்க புது இடத்துல தொடாது சார். நாளைக்குத் தின்னும், நாளைக்குத் தின்னும்னு இருந்தேன். திட்டு வாங்கப் பயந்து தட்டைக் குண்டன் முன்னாடி வெச்சேன். அது சாகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மயக்க மருந்து டாக்டர் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தா, உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல வந்து அடைஞ்சிடும். ஈரல் வேலை செய்யாது, மஞ்சளாயிடும். படிச்சிருக்கேன் சார். தட்டு காலின்னு சொன்னதால அந்தப் பக்கமே நான் யோசிக்கல." சொல்லும்போதே கதவைத் திறந்துவிட்டாள். "குழாய் போட்டு ஊட்டணும், இப்பவே!" தீர்ப்பைக் கேட்க நிற்காமல் ஓடினாள்.

பெரிய டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இனிமே நீ இந்த..."

"அனுப்பலாம்" என்றார் ஆமையார். "அடுத்து வர்றவங்களும் தட்டைக் காலியாத்தான் கொண்டுவருவாங்க."

பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "போம்மா" என்றார் கடைசியில். அந்தக் குரல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்காது. "போய் டாக்டரம்மாவுக்குக் கூடமாட உதவி செய். இனிமே மிச்சம் இருந்தா மிச்சத்தோடயே கொண்டுவா."

திரும்பும்போது மைத்துனருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதுவே ஓர் அதிசயம். "அப்போ செத்த பூனையைக் கொன்னது யாரு மாமா?"

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம், மாப்பிள்ளை. ஊசியைத் தவிர." ஆமையாருக்கு வருத்தமாக இருந்தது. இந்த ஒரு கேஸிலாவது ஒரு வில்லன் கிடைத்திருக்கலாம்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைபேசி அடித்தது. எடுக்க வேண்டாமென்று நினைத்துத்தான் எடுத்தார்.

"சார், நான் வார்டு அக்கா பேசறேன். தையல்காரர் வீட்டுலேர்ந்து அதோட தட்டையே கொண்டுவந்தார் சார். நேத்து அதுவா வாய் வெச்சுது. இன்னைக்கு டிரே நிறைஞ்சிருக்கு." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "வார்டே நாறுது சார்!"

ஆமையார் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களாம்மா?"

"கூண்டுக்குப் பக்கத்துல நாற்காலியிலேயே தூங்கிட்டாங்க சார். எழுப்பிச் சொல்லவா?"

"வேண்டாம்மா" என்றார் ஆமையார். "தூங்கட்டும்."