திருத்தியும் மாறாத எடை

"சார், நான் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தேன்னு சொல்றாங்க."

விசாரிக்க மருத்துவமனை வரவழைத்திருந்த தணிக்கையாளரிடம் குழந்தைகள் வார்டு நர்ஸ் சொன்னாள். பதினைந்து கிலோ எடையுள்ள சிறுமிக்கு ஐம்பத்தொரு கிலோவுக்கான மருந்து ஏறிவிட்டது. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடக்கிறாள். எடையைப் பதிந்தது இந்த நர்ஸ்தான். சீருடையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் போலீஸுக்குப் புகார் போகிறது.

கணினிப் பதிவுகளில் தில்லுமுல்லு கண்டுபிடிப்பதே தணிக்கையாளரின் தொழில். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஐம்பத்தொண்ணுன்னு அடிச்சீங்களாம்மா?"

"அடிச்சேன் சார். கை தவறிடுச்சு. உடனே பதினைஞ்சுன்னு திருத்திட்டேன். சத்தியமா திருத்தினேன்!"

"பழசை அழிச்சீங்களா?"

"எங்க வார்டுல எதையும் அழிக்கக்கூடாது சார். தப்பானா கீழே புதுசா ஒரு பதிவு போடணும். பெரிய டாக்டர் உத்தரவு."

தணிக்கையாளரின் உதவியாளருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நர்ஸோடு மருத்துவமனைக் கணினி அறைக்குள் நுழைந்ததுமே அவர் தணிக்கையாளரின் காதைக் கடித்தார். "இந்தக் கம்ப்யூட்டர்காரன்தான் சார். முழியே சரியில்ல."

கம்ப்யூட்டர்காரருக்கு முகம் கடுகடுவென்றிருந்தது. "என் ப்ரோக்ராம்ல தப்பு கிடையாது. போன வாரம் இன்னொரு பையனுக்கு இவங்களே பன்னிரண்டுன்னு தப்பா போட்டு, இருபத்தொண்ணுன்னு திருத்தினாங்க. மருந்துத் தாள்ல ஒழுங்கா இருபத்தொண்ணுதானே வந்துச்சு? இந்தத் தடவை திருத்தவே இல்ல. இப்ப கதை விடறாங்க."

நர்ஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே திருத்தவில்லையோ? தன் கையையே நம்ப முடியாமல் நிற்பதைவிடக் கொடுமை உண்டா என்ன?

தணிக்கையாளர் பதிவுகளைத் திறக்கச் சொன்னார். எடை ஒரு வரி, உயரம் ஒரு வரி, காய்ச்சல் ஒரு வரி என்று சிறுமியின் விவரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எடைக்கு மட்டும் இரண்டு வரிகள். முதலில் ஐம்பத்தொன்று, அதற்குக் கீழே பதினைந்து.

"திருத்தியிருக்காங்க!" என்று அவசரம் கத்தினார். நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"இத்தனை வரியையும் டாக்டரோட மருந்துத் தாள்ல ஒரே வரியில, பக்கத்துப் பக்கத்துக் கட்டமா மாத்தித் தர்றது உங்க எஸ்.க்யூ.எல். கட்டளைதானே?" என்றார் தணிக்கையாளர். "ஒரு கட்டத்துல ஒரு எண்தான் நிக்கும். ரெண்டு எடை வந்தா எதை எடுக்கச் சொன்னீங்க?"

"ஏதாவது ஒண்ணை எடுக்கச் சொன்னாத்தான் சார் அது ஓடும். ஒரு ஆளுக்கு ஒரு எடைதானே இருக்கப்போகுதுன்னு மேக்ஸ் போட்டேன்."

"மேக்ஸ்னா இருக்கறதுலயே பெரிய எண். பையனுக்குத் திருத்தம் மேல போச்சு, இருபத்தொண்ணு தானா வந்துடுச்சு. சிறுமிக்குத் திருத்தம் கீழ இறங்குச்சு. உங்க கட்டம் ஐம்பத்தொண்ணை விடவே இல்ல. அழிக்கக்கூடாதுங்கற வார்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. உங்க மேக்ஸ் அவங்களுக்குத் தெரியாது. கட்டத்தை நம்பி டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டார்."

கம்ப்யூட்டர்காரர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். "ஐயோ, நானா!"

"அப்புறம் அழலாம். பெரிய எண்ணை விட்டுட்டு கடைசியாப் பதிஞ்ச எண்ணை எடுக்கச் சொல்லுங்க. எந்தக் குழந்தைக்கு ரெண்டும் வேற வேறயா வருதுன்னு பாருங்க."

கம்ப்யூட்டர்காரர் கணினிப் பக்கம் திரும்பித் தட்டினார். திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அந்தச் சிறுமி. இன்னொருவன் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் வேறொரு பையன்; மருந்துத் தாளில் நாற்பத்திரண்டு, உண்மையில் இருபத்துநான்கு.

"அவனுக்கு இப்பத்தானே டிரிப் போட்டிருப்பாங்க!" என்றாள் நர்ஸ்.

யார் தடுத்தாலும் நிற்கிற நிலையில் அவள் இல்லை. படிகளில் விழுந்தடித்து ஓடினாள். வார்டில் பையனின் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் பாய்ந்து குழாயின் திருகை இறுக்கி மூடினாள்.

"ஐயோ, அந்த நர்ஸு!" அம்மா அலறிக்கொண்டு அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். "என் பிள்ளையைத் தொடாதேடி! ஒருத்தியைப் படுக்க வச்சது போதாதா?"

"அடிங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும் அடிங்க" என்று நர்ஸ் விம்மினாள். "இதை மட்டும் திறந்துடாதீங்க."